முதல் ஜெட் ஸ்கி: மன்னார்க் கடலுக்கு எது பொருந்தும்?

ஜெட் ஸ்கி என்பது ஒருவர் முதல் மூவர் வரை மோட்டார் சைக்கிளில் அமர்வதுபோல் அமர்ந்து ஓட்டும் சிறு கடற்கலம். மீன்பிடி வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரத்தைப் போல நீருக்குள் தொங்கும் விசிறி இதற்கு இல்லை. அடிப்பகுதியில் உள்ள கம்பித் தட்டியின் வழியே கடல்நீரை உறிஞ்சி, குழாய்க்குள் சுழலும் விசிறியால் அழுத்தம் ஏற்றி, பின்புற முனையிலிருந்து பீய்ச்சுகிறது. அந்தப் பீய்ச்சலின் எதிர்விசையே கலத்தை முன்னே தள்ளுகிறது. நியூசிலாந்தின் வில்லியம் ஹாமில்டன் 1950களில் ஆழமற்ற ஆறுகளில் படகு ஓட்டுவதற்காக இம்முறையைச் செம்மைப்படுத்தினார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் கிளேட்டன் ஜேக்கப்சன் அதைத் தனியாள் கலமாக வடிவமைத்தார். கவாசாகி நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் ஜெட் ஸ்கி என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. யமஹாவின் வேவ்ரன்னரும் பொம்பார்டியரின் சீ-டூவும் 1980களின் பிற்பாதியில் போட்டிக்கு வந்தன. இன்றும் சந்தை பெரும்பாலும் இம்மூன்று வணிகப் பெயர்களின் கையிலேயே இருக்கிறது.

இலங்கையில் ஜெட் ஸ்கி என்றால் பெரும்பாலும் பெந்தோட்டை போன்ற சுற்றுலாக் கரைகளே நினைவுக்கு வரும். அங்கே அது வாடகைக்கு எடுத்துச் சில நிமிடங்கள் ஓட்டிப் பார்க்கும் விளையாட்டு. சொந்தமாக ஒன்றை வாங்கி மன்னார்க் கரையோரம் ஓட்ட நினைப்பவரின் தேவை வேறு. உயிலங்குளத்தில் குடியிருப்பவரை எடுத்துக்கொண்டால், ஊர் கட்டுக்கரைக் குளத்து நீரில் விளையும் வயல்வெளி. கடல் சற்றுத் தள்ளி இருக்கிறது. மன்னார் வீதி வழியே கலத்தை இழுத்துச் சென்று, ஆழமற்ற, பாசி நிறைந்த, வலைகள் விரிந்த கடலில் இறக்கி, மாலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். எந்தக் கலம் என்ற கேள்விக்கு அந்தக் கடலை அறிந்த பிறகே விடை சொல்ல முடியும்.

இரு கடல், இரு காற்று

மன்னார்த் தீவுக்கு வடக்கே பாக்கு நீரிணையை ஒட்டிய கடல். தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல் சராசரியாகப் பத்து மீற்றரைக்கூட எட்டாத ஆழம் கொண்டது. தென்கடல் கரையை விட்டு விலக விலக ஆழமாகிறது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளும் மணல்திட்டுகளின் தொடர் இரண்டையும் பிரிக்கிறது.

மே முதல் செப்டெம்பர் வரை சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து விடாது வீசும். அதன் வலிமைக்குத் தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனி காற்றாலைத் தொகுதியே சான்று: 30 காற்றாலைகளுடன் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட அதன் கொள்ளளவு 103.5 மெகாவாட். அம்மாதங்களில் தென்கடல் முதல் கலம் ஓட்டுபவருக்கு உரியதன்று. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வந்து வடகடலைக் கலக்கும். ஆழமற்ற கடலில் அலை உயரம் குறைவாக இருந்தாலும் ஒன்றோடொன்று நெருங்கிச் செங்குத்தாக எழும். சிறு கலத்துக்கு இந்த நெருக்கமே பெரும் தொல்லை. ஒவ்வொரு அலையிலும் மூக்கு மோதி, ஓட்டுபவரின் முதுகெலும்பு அதிர்வைத் தாங்க வேண்டியிருக்கும்.

புதியவருக்கு ஏற்ற காலம் மார்ச்சும் ஏப்ரலும். ஒக்டோபரிலும் காற்று தணியும். ஆனால் அதைத் தொடர்ந்து வருவது புயற்காலம்; 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்துத் தலைமன்னாரையும் தாக்கிய புயல் இக்கடலில்தான் வந்தது.

காற்று மறைவான கரையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சோழகக் காலத்தில் தீவின் வடகரையோரம் நீர் தட்டையாகத் தெரியும். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதே அதற்குக் காரணம். அங்கே இயந்திரம் நின்றுபோனால் கலம் கரைக்கு வராது. மிதந்து வெளிக்கடலுக்கே போகும். வாடைக் காலத்தில் தென்கரையிலும் இதே கதைதான். ஆகவே அமைதியாகத் தெரியும் நீரில்தான் நங்கூரமும் தொடர்புக் கருவியும் அதிகம் தேவைப்படுகின்றன.

ஆழம், பாசி, மணல்

ஜெட் ஸ்கியின் உயிர்நாடி அதன் நீர்ப்பம்பி. வெளியே விசிறி இல்லாததால் எவ்வளவு ஆழமற்ற நீரிலும் ஓட்டலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் உறிஞ்சும் வாய் கலத்தின் அடியிலேயே இருப்பதால், ஆழம் குறைந்த இடத்தில் இயந்திரத்தை முடுக்கினால் மணலும் கிளிஞ்சலும் சேர்ந்து உள்ளே போகும். குறைந்தது 60 முதல் 90 சென்ரிமீற்றர் வரை ஆழம் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கையேட்டில் குறிப்பிடுகிறார்கள். மன்னாரில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனால் கரை மிகவும் தட்டையானதால் அந்தச் சிறு வித்தியாசமே கரைக்கோட்டை வெகுதூரம் தள்ளிவிடும். காலையில் மிதந்த இடம் பிற்பகலில் சேறாகலாம்.

விசிறியைச் சுற்றி ஒரு தேய்வு வளையம் உண்டு. விசிறியின் நுனிக்கும் அதற்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் இருக்கும். மணல் அந்த இடைவெளியை அகலமாக்கிவிட்டால், இயந்திரம் உரக்க இரைந்தாலும் கலம் முன்னேறாது. வளையத்தை எளிதாகக் கழற்றி மாற்றக்கூடிய மாதிரி இக்கரைக்கு ஏற்றது. வாங்கும்போதே உபரி வளையம் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

கடற்புல் இன்னொரு இடர். மன்னாரின் இரு பக்கமும் கடற்புல் படுகைகள் பரந்து கிடக்கின்றன. அறுந்து மிதக்கும் புல்லும் வலைத் துண்டும் கம்பித் தட்டியை அடைத்தால் கலம் நடுக்கடலில் நின்றுவிடும். சீ-டூ 2022 முதல் சில மாதிரிகளில் விசிறியைப் பின்னோக்கிச் சுழற்றி அடைப்பை வெளியே தள்ளும் வசதியைத் தருகிறது. அந்த வசதி இல்லாத கலத்தில் கையால்தான் எடுக்க வேண்டும். அதற்குமுன் இயந்திரத்தை நிறுத்தி, கழன்றால் இயந்திரம் ஓடாதபடி தடுக்கும் பாதுகாப்புக் கயிற்றையும் கழற்றியிருக்க வேண்டும்.

உடலும் எடையும்

நின்று ஓட்டும் கலங்கள் சாகசத்துக்கானவை. முதல் கலமாக அமர்ந்து ஓட்டுவதையே கருத வேண்டும். அதிலும் மூன்று வகை உண்டு.

முதலாவது, இலகு வகை. 2014 மாதிரியாக அறிமுகமான சீ-டூ ஸ்பார்க் இதன் முன்னோடி: 900 சிசி இயந்திரம், 60 அல்லது 90 குதிரைவலு, இருவர் அமரும் வடிவம் 2.8 மீற்றர் நீளம், எடை ஏறத்தாழ 190 கிலோ, தாங்கி 30 லீற்றர். விலையும் செலவும் குறைவு. சிறு வாகனமே இழுத்துவிடும். ஆனால் நெருங்கிய அலையில் அதிகம் துள்ளும். இருவர் ஏறினால் தளம்பும். தாங்கி சிறியது என்பதால் கரையை விட்டு அதிக தூரம் போக முடியாது.

இரண்டாவது, நடுத்தர வகை. 2017இல் வந்த யமஹா ஈஎக்ஸ் 1,049 சிசி இயந்திரம், 3.1 மீற்றர் நீளம், 260 கிலோவை ஒட்டிய எடை, 50 லீற்றர் தாங்கி கொண்டது. அதே அளவு இயந்திரத்துடன் வரும் யமஹா விஎக்ஸ் இன்னும் நீளமும் எடையும் கூடியது. தாங்கி 70 லீற்றர். 1,630 சிசி கொண்ட சீ-டூ ஜீடிஐயும், 1,498 சிசியில் 160 குதிரைவலு தரும் கவாசாகி எஸ்டிஎக்ஸ் 160உம் இவ்வரிசையில் மேல்தட்டு. எஸ்டிஎக்ஸின் எடை 400 கிலோவை நெருங்குகிறது.

மூன்றாவது, 300 குதிரைவலுவையும் தொடும் பெருங்கலங்கள். கவாசாகி அல்ட்ரா 310 இதற்கு உதாரணம். திறந்த கடலில் நீண்ட தூரம் போகும் அனுபவசாலிகளுக்கு உரியவை இவை.

எடை கூடிய கலம் அலையை வெட்டிக்கொண்டு போகும். குறைந்தது அதன்மேல் துள்ளும். கடலில் எடை நன்மை, கரையில் அதே எடை சுமை. 300 கிலோவுக்கு மேற்பட்ட கலம் வற்றிய நேரத்தில் சேற்றில் இறங்கிவிட்டால் இருவர் தள்ளி அசைக்க முடியாது. மன்னாரின் தட்டையான கரைக்கு 3.1 முதல் 3.4 மீற்றர் நீளமும் 260 முதல் 350 கிலோ எடையும் நடுநிலையான தெரிவு.

மூவர் அமரும் இருக்கையையே தெரிவுசெய்ய வேண்டும், வழக்கமாக இருவரே சென்றாலும். நீரில் விழுந்தவரை ஏற்றிக்கொள்ளவும், பழுதான இன்னொரு கலத்தின் ஓட்டுநரைக் கரை சேர்க்கவும் அந்த மூன்றாம் இடம் உதவும். பின்புறம் மடிப்பு ஏணி இருப்பது கட்டாயம். ஆழத்தில் விழுந்த களைத்த மனிதர் ஏணி இல்லாமல் மேலேறுவது மிகக் கடினம்.

இயந்திரமும் எரிபொருளும்

2002ஆம் ஆண்டை ஒட்டி நாற்தட்டு (ஃபோர்-ஸ்ட்ரோக்) இயந்திரங்கள் ஜெட் ஸ்கிக்கு வந்தன. எண்ணெய் கலந்து எரிக்கும் பழைய ஈர்தட்டு (டூ-ஸ்ட்ரோக்) இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் முதல் கலமாக வாங்கத் தக்கதல்ல. புகை, இரைச்சல், எரிபொருள் செலவு மூன்றும் அதில் அதிகம், உதிரிப்பாகம் அரிது.

நாற்தட்டு இயந்திரத்திலும் காற்றை அழுத்திச் செலுத்தும் சூப்பர்சார்ஜர் உள்ளதை முதல்முறை வாங்குபவர் தவிர்க்க வேண்டும். முழு வேகத்தில் மணிக்கு 60 லீற்றருக்கு மேல் பெற்றோல் குடிக்கும். உயர் ஒக்டேன் எரிபொருளும் தனிப் பராமரிப்பும் கேட்கும். சூப்பர்சார்ஜர் இல்லாத சிறு, நடுத்தர மாதிரிகள் பெரும்பாலும் 92 ஒக்டேன் பெற்றோலிலேயே ஓடும். கையேட்டில் இதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தாங்கியின் அளவைக் கணக்கிட மூன்றில் ஒன்று என்ற விதி போதும். ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராததற்கு. எதிர்க்காற்றில் திரும்பும்போது செலவு கூடும் என்பதால் இவ்விதியைத் தளர்த்தக் கூடாது.

பழுது பார்ப்பதையும் இப்போதே நினைக்க வேண்டும். மன்னார்க் கரையெங்கும் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டும் திறமையான தொழிலாளர்கள் இருக்கிறார்கள். விசிறித் தண்டு, தாங்கு உருளை, மின்கலம் போன்றவற்றை அவர்கள் கையாளுவார்கள். ஆனால் இன்றைய ஜெட் ஸ்கியின் எரிபொருள் செலுத்தலும் தடுப்பும் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்குபவை. கோளாறைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும். விற்பவர் அந்தக் கருவியும் உதிரிப்பாகமும் வைத்திருக்கிறாரா, மன்னாருக்கு ஆள் அனுப்புவாரா என்பதை எழுத்தில் பெற்ற பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

உப்பை வெல்வது

இயந்திரத்தைக் குளிர்விப்பதில் இரு முறைகள் உண்டு. யமஹாவும் கவாசாகியும் கடல்நீரையே இயந்திரத்தின் உள்வழிகளில் ஓடவிட்டு வெளியேற்றுகின்றன. சீ-டூவின் நாற்தட்டு இயந்திரங்கள் காரைப் போல மூடிய சுற்றில் குளிர்நீரை வைத்து, அதன் வெப்பத்தை அடித்தகடு வழியே கடலுக்குக் கடத்துகின்றன. இரண்டாவது முறையில் இயந்திரத்துக்குள் உப்பு புகாது. ஆனாலும் புகைபோக்கிப் பகுதியைக் கழுவியே ஆக வேண்டும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் நன்னீரால் உட்கழுவல் செய்வது தவிர்க்க முடியாதது. ஒழுங்கு மாறக்கூடாது. நீர்க்குழாயைக் கலத்தின் கழுவும் வாயில் பொருத்த வேண்டும். முதலில் இயந்திரத்தை முடுக்கி, உடனே நீரைத் திறக்க வேண்டும். கையேடு சொல்லும் நேரம் மட்டும் ஓடவிட்டு, முதலில் நீரை மூடி, சில விநாடிகள் மெல்ல முடுக்கித் தேங்கிய நீரை வெளியேற்றி, பிறகே இயந்திரத்தை நிறுத்த வேண்டும். இயந்திரம் ஓடாதபோது நீரைத் திறந்தால், வெளியேற வழியின்றி அது பின்னோக்கி ஏறி உருளைகளுக்குள் புகலாம். புதிய உரிமையாளர்கள் இயந்திரத்தைக் கெடுத்துக்கொள்ளும் வழிகளில் இது முக்கியமானது.

கரையோரத்துக் கிணறுகள் பலவற்றில் உவர் கலந்திருக்கும். அதில் கழுவினால் பயன் பாதிதான். கடலிலிருந்து விலகி வயல் சூழ்ந்த உயிலங்குளம் போன்ற இடத்தில் வசிப்பவர், உவர்ப்பற்ற கிணற்றையோ குழாய்நீரையோ உறுதிசெய்துகொண்டால் கலத்தின் ஆயுளைப் பல ஆண்டு நீட்டிக்கலாம்.

இழுவண்டிக்கும் இது பொருந்தும். துத்தநாகம் பூசிய சட்டம், நீரில் நனைந்தாலும் துருவேறாத தாங்கு உருளை, அகன்ற சக்கரம் ஆகிய மூன்றையும் பார்த்து வாங்க வேண்டும். சீமெந்துச் சரிவு இல்லாத மணற்கரையில் வாகனத்தை நீரோரம் கொண்டுபோகாமல், நீளக் கயிற்றால் இழுவண்டியை மட்டும் இறக்குவது நல்லது.

பழையது வாங்கினால்

பயன்படுத்திய கலத்தில் முதலில் பார்க்க வேண்டியது மணிமானி. ஆண்டும் நிறமும் அதற்குப் பிறகுதான். முறையாகக் கழுவிப் பேணிய சில நூறு மணி நேர நாற்தட்டு இயந்திரம், கழுவாமல் விட்ட ஐம்பது மணி நேர இயந்திரத்தைவிட மேல்.

இருக்கையைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்க்க வேண்டும். ஆணிகளில் வெள்ளைப் பொருக்கும் மின்முனைகளில் பச்சைக் களிம்பும் இருந்தால் உப்பு உள்ளே புகுந்திருக்கிறது. எண்ணெய்க் கோல் பால்நிறமாக வந்தால் நீர் கலந்திருக்கிறது. அதற்குமேல் பேச்சே வேண்டாம். பின்புறம் குனிந்து விசிறியின் விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். நெளிவும் பிசிறும் இருந்தால் கலம் கல்லோ மணலோ விழுங்கியிருக்கிறது. உருளைகளின் அழுத்தத்தை அளந்து, ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்கு மேல் வேறுபட்டால் விலகிவிட வேண்டும். கடைசியாக, கடலில் இறக்கி அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

ஓட்டக் கற்பது

முடுக்கியை விட்டால் ஜெட் ஸ்கி திரும்பாது. கலத்தைத் திருப்புவது பீய்ச்சும் நீர்தான். அது நின்றால் கைப்பிடியை எப்படித் திருப்பினாலும் கலம் நேராகவே போகும். தடையைக் கண்டதும் பயந்து முடுக்கியை விடுவது மனித இயல்பு; மோதல்கள் பலவற்றின் காரணமும் அதுவே. முடுக்கியை விட்டாலும் ஓரளவு திரும்ப உதவும் கட்டுப்பாட்டு முறையும், சீ-டூவின் ஐபிஆர், யமஹாவின் ரைட் போன்ற தடுப்பு வசதியும் முதல் கலத்தில் இருக்க வேண்டும். அழகு வண்ணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுப்பது உயிருக்குக் கொடுப்பது.

உயிர்காப்பு அங்கி, மணிக்கட்டில் கட்டிய பாதுகாப்புக் கயிறு, விசில், சிறு நங்கூரம், இழுவைக் கயிறு, நீர் புகாத உறையில் கைபேசி, பதினாறாம் அலைவரிசை கேட்கும் விஎச்எஃப் வானொலி ஆகியவை இல்லாமல் கரையை விட்டுப் புறப்படக் கூடாது. பின்னால் இருப்பவர் பீய்ச்சலுக்கு நேரே விழுந்தால் அந்த நீரின் அழுத்தம் உடலுக்குள் கடும் காயம் ஏற்படுத்தும். தடித்த ரப்பர் காற்சட்டை அணியச் சொல்லும் எச்சரிக்கை ஒவ்வொரு கலத்திலும் ஒட்டப்பட்டிருப்பது இதனால்தான். கவிழ்ந்த கலத்தை எந்தப் பக்கம் நிமிர்த்த வேண்டும் என்பதும் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். தவறான பக்கம் நிமிர்த்தினால் இயந்திரத்துக்குள் நீர் புகும். சூரியன் மறைந்த பின் ஓட்டவே கூடாது. இக்கலங்களில் இரவு விளக்குகள் இல்லை.

போகக் கூடாத நீர்

மன்னார்க் கடல் முதலில் கடற்றொழிலாளரின் கடல். நண்டு வலையும் விடுவலையும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கிடக்கும். சிறு மிதவை மட்டுமே அடையாளம். கரைவலை இழுக்கும் இடத்தில் கயிறு கரையிலிருந்து வெகுதூரம் நீண்டிருக்கும். சங்கும் கடலட்டையும் எடுக்கச் சுழியோடுவோர் எங்கே மேலெழுவார்கள் என்று சொல்ல முடியாது. தனித்து நிற்கும் ஒரு படகைக் கண்டால், அதன் அருகே நீருக்கடியில் மனிதர் இருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டு வெகுவாக விலகிப் போக வேண்டும். அறுந்த வலை ஒரு குடும்பத்தின் அன்றாட வருமானம். கலம் இறக்கும் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்தை முதலில் சந்தித்து, எந்த நேரம், எந்தப் பாதை என்று கேட்டறிவது கடமை.

கடற்புல்லை உண்டு வாழும் ஆவுளியா என்னும் கடற்பசு, இலங்கையில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இவ்வடமேற்குக் கடலில்தான். மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வரும் மெதுவான உயிர் அது. அதன் உறவான மனாட்டிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் விசைக்கலங்கள் மோதித் தொடர்ந்து இறக்கின்றன. தமிழ்நாடு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இலங்கைப் பக்கத்தில் வங்காலைச் சரணாலயம் 2008இலும், இராமர் பாலத் தேசிய பூங்கா 2015இலும், விடத்தல்தீவு இயற்கை ஒதுக்ககம் 2016இலும் அறிவிக்கப்பட்டன. 2010 முதல் ராம்சர் ஈரநிலமாகவும் விளங்கும் வங்காலைக்குக் குளிர்காலத்தில் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் வருகின்றன. இவ்வெல்லைகளுக்குள் ஜெட் ஸ்கிக்கு இடமில்லை என்றே கொள்ள வேண்டும். அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் தன் தேசிய பூங்காக்களில் பெரும்பாலானவற்றில் இக்கலங்களைத் தடைசெய்தது.

இன்னோர் எல்லை கண்ணுக்குத் தெரியாதது. 1974, 1976 உடன்படிக்கைகள் வகுத்த இந்திய–இலங்கைக் கடல் எல்லை தலைமன்னாரிலிருந்து ஜெட் ஸ்கிக்கு அரை மணி நேரத் தூரம்கூட இல்லை. இருபுறமும் காவல் இறுக்கமானது. வேகமாகச் செல்லும் பதிவில்லாத சிறு கலம் சந்தேகத்துக்குள்ளாகும். ஆகவே வாங்குமுன்னரே கடற்படை, கரையோரக் காவல் திணைக்களம், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், பிரதேச செயலகம் ஆகியவற்றில் விசாரித்து, எங்கே ஓட்டலாம், என்ன பதிவும் அனுமதியும் வேண்டும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். அனுமதி கிடைக்காத கரையில் கலம் வாங்கி வைப்பதில் பொருளில்லை.

முடிவாக

மன்னார்க் கரையில் முதல் ஜெட் ஸ்கியாக வாங்கத் தக்கது: சூப்பர்சார்ஜர் இல்லாத நாற்தட்டு இயந்திரம், 90 முதல் 130 குதிரைவலு, மூவர் இருக்கை, ஏணி, தடுப்பு வசதி, 50 லீற்றருக்குக் குறையாத தாங்கி, எளிதில் மாற்றக்கூடிய தேய்வு வளையம். பாசி மிகுந்த பகுதியில் ஓட்டுபவர் அடைப்பு நீக்கும் வசதியையும் தேட வேண்டும். விலைச்சீட்டின் தொகையோடு இழுவண்டி, பாதுகாப்புக் கருவிகள், முதலாண்டுப் பராமரிப்பு ஆகியவற்றையும் கூட்டி, அந்த மொத்தத்துக்குள் வரும் கலத்தையே வாங்க வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில், அனுமதி பெற்ற கரையில், தொழிலுக்குப் போன வள்ளங்கள் திரும்பிய நேரத்தில், துணைக்கு ஒருவருடன் தொடங்குங்கள். கடற்றொழிலாளியின் வலைக்கும் கடற்பசுவின் மேய்ச்சலுக்கும் வழிவிட்டு ஓட்டத் தெரியாதவர், எத்தனை குதிரைவலு வாங்கினாலும் இக்கடலில் ஓட்டத் தகுதி பெற்றவர் ஆகமாட்டார்.